பொத்தானைத் தொடுவதற்கு முன்பே எரிந்த மின்குமிழ்: மாதிரி ரொக்கெட்டுக்கு ஏவுப் பெட்டி செய்வது பற்றி

கேள்வி: மஸ்கெலியாவிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். மஸ்கெலியாவுக்கு மேலே, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கண்ணுக்குத் தெரியும் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். தரம் 9, 10 பிள்ளைகள் பதினான்கு பேர் சேர்ந்து சென்ற ஆண்டு ஒரு விண்வெளிக் கழகம் தொடங்கினார்கள். நியூட்டனின் மூன்றாம் விதியைக் கரும்பலகையில் எத்தனை முறைதான் எழுதுவது? ஒரு மாதிரி ரொக்கெட்டையாவது அவர்கள் கண்முன் வானில் ஏற்றிக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு அவர்களைவிட அதிகம். கடதாசிக் குழாயில் உடலும் மெல்லிய பலகையில் செட்டைகளும் செய்வது பெரிய வேலை இல்லை. தூரத்தில் நின்று ஏவுவதற்கான மின் பெட்டியை முதலில் செய்து பழகுவோம் என்று தொடங்கினேன். அங்கேதான் சிக்கல்.

நான் செய்தது இது. வைஃபை உள்ள சிறிய நுண்கட்டுப்படுத்திப் பலகை (நிரலால் இயங்கும் குட்டிக் கணினி) ஒன்று, அதனோடு இரண்டு ரிலே (மின்னால் திறந்து மூடும் சுவிட்ச்) உள்ள ஒரு பலகை, பழுதான யுபிஎஸ் ஒன்றிலிருந்து கழற்றிய 12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றரி, அழைப்புமணிக்கு இழுக்கும் மெல்லிய வயர் பத்து மீற்றர். தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் ரிலே மூடும். வயரின் மறுமுனையில் மின்னோட்டம் வரும். தீ மூட்டும் கம்பி எதையும் நான் இணைக்கவில்லை. அதற்குப் பதிலாக மோட்டார் சைக்கிளின் 21 வாற் பிரேக் மின்குமிழை மறுமுனையில் வைத்தேன். அந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சென்ற வியாழன், பாடசாலை விட்ட பின் பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்துப் பற்றரியை இணைத்தேன். தொலைபேசி மேசையில் கிடந்தது. நான் அதைத் தொடவே இல்லை. ரிலே 'டக்' என்றது. மின்குமிழ் பளிச்சென்று எரிந்தது. இரண்டு நொடி இருக்கும், பிறகு அணைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு மாணவி மட்டும் கைதட்டாமல், "சேர், நீங்கள் இன்னும் அழுத்தவில்லையே?" என்றாள்.

பற்றரியைக் கழற்றி மீண்டும் இணைத்தேன். ஐந்து முறை செய்ததில் மூன்று முறை அது தானாகவே எரிந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மின்குமிழ் இருந்த இடத்தில் உண்மையான ரொக்கெட் இருந்திருந்தால், வயரின் கவ்விகளை மாட்டுவதற்காக யாரோ ஒரு பிள்ளை அதன் வால்புறத்தில் விரலை வைத்துக்கொண்டு குனிந்திருக்கும். இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எனக்கு மூன்று விடயங்கள் தெரிய வேண்டும். இது ஏன் நடக்கிறது, நிரலைத் திருத்தினால் போதுமா? போதாது என்றால் பாடசாலைக் காசில், ஹட்டனில் கிடைக்கும் சாமான்களைக் கொண்டு நம்பிச் செய்யக்கூடிய பெட்டி எது? மூன்றாவது, என் ஒன்றுவிட்ட அண்ணன் ஏப்ரலில் இலண்டனிலிருந்து வருகிறார். கடைகளில் விற்கும் சிறிய ரொக்கெட் மோட்டார்கள் (எரிமருந்து அடைத்த குழாய்கள்) நான்கைந்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரவா என்று கேட்கிறார். வாங்கி வரச் சொல்லலாமா? ஏவுவதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே சமதரை, தோட்டத் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களம்தான். மற்றதெல்லாம் சரிவும் தேயிலையும்.

பதில்: டிக்கோயாவிலிருந்து ஒரு வாகன வயரிங்காரர்

சேர், வணக்கம். நான் 26 வருடமாக முச்சக்கரவண்டிகளுக்கும் லொறிகளுக்கும் வயரிங் வேலை செய்கிறேன். ரொக்கெட் எனக்குத் தெரியாது. ஆனால் தானாக எரியும் மின்குமிழை எனக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் பலகை விழித்தெழும்போது முதல் ஒன்றிரண்டு நொடிக்கு அதன் கால்கள் (வயர் இணைக்கும் முனைகள்) என்ன செய்யும் என்பது உங்கள் கையில் இல்லை. நிரல் ஓடத் தொடங்கும்வரை சில கால்கள் ஏறி இறங்கும். கடையில் விற்கும் மலிவான ரிலே பலகைகளில் பெரும்பாலானவை கால் தாழ்ந்தால் மூடுகிற வகை. இரண்டும் சேர்ந்தால் நீங்கள் கண்டதுதான் நடக்கும். நிரலைத் திருத்தலாம், வேறு காலுக்கு மாற்றலாம், தடை ஒன்றைப் போட்டு இழுத்துப் பிடிக்கலாம். அதற்குப் பிறகும் பற்றரி தளர்ந்து மின்னழுத்தம் விழுந்தால் பலகை மறுபடியும் உறங்கி விழிக்கும். அப்போது யார் ரொக்கெட்டுக்குப் பக்கத்தில் நிற்பார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? அதைத் தூக்கி அலுமாரியில் வையுங்கள். வேறு எதற்காவது உதவும்.

ரிலேயைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் ஒரு முச்சக்கரவண்டி என்னிடம் வந்தது. நோர்வூட்டிலிருந்து டிக்கோயா வரை ஹோர்ன் நிற்காமல் கத்திக்கொண்டே வந்திருக்கிறது. ஓட்டுநரின் கை ஹோர்ன் பொத்தானில் இல்லை. ரிலேயைக் கழற்றி மூடியைப் பிளந்து பார்த்தேன். உள்ளே தொடுமுனைகள் இரண்டும் கடுகளவு உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நகத்தால் நெம்பினால்தான் பிரிந்தன. அதிக மின்னோட்டம் பாய்ந்தால் ரிலே இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். வெளியில் பார்த்தால் தெரியாது. ஒருமுறை ஏவியபோது ஒட்டிய ரிலே, அடுத்த ரொக்கெட்டின் கவ்வியை மாட்டும்போது யாருடைய அனுமதியும் இல்லாமல் மின்னோட்டம் கொடுக்கும். ஆகவே உங்களுக்கு ரிலேயே வேண்டாம்.

இதைச் செய்யுங்கள். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 அம்பியர் பியூஸ். அந்தச் சிறிய யுபிஎஸ் பற்றரியைக் குறைத்து எடைபோடாதீர்கள். இரண்டு முனையும் தவறுதலாகத் தொட்டால் வயரின் உறை உருகிக் கையோடு ஒட்டும். பியூஸுக்கு அடுத்தது முச்சக்கரவண்டியின் சாவி சுவிட்ச். சாவி துண்டித்த நிலையில் மட்டுமே கழற்ற வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பழையவற்றில் ஓடும்போதும் சாவி வெளியே வந்துவிடும், அது உங்களுக்கு ஆகாது. அதற்கு அடுத்தது, அழுத்தினால் மட்டும் தொட்டு, விட்டவுடன் ஸ்பிரிங்கால் எழும்பும் பொத்தான். ஹோர்ன் பொத்தான் சில அம்பியருக்குப் போதும். அதைவிடக் கூடுதலாக வேண்டுமானால் பழைய லொறிகளில் ஸ்டார்ட் செய்ய அழுத்தும் பெரிய பொத்தான் இருக்கிறது. மேலும் கீழும் தட்டி வைக்கிற சுவிட்ச் எதையும் அந்த இடத்தில் போடாதீர்கள். தட்டியவர் மறந்துவிட்டால் அது அப்படியே நிற்கும்.

பொத்தானின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு எல்ஈடி, அதோடு வரிசையில் 1 கிலோ ஓம் தடை. சாவியைத் திருப்பியதும் அது எரிந்தால் வயரும் கவ்வியும் மறுமுனையும் முழுமையாக இருக்கின்றன என்று அர்த்தம். அதன் வழியாகப் போவது 10 மில்லி அம்பியர் அளவுதான். தடை போடாமல் சிறிய மின்குமிழ் எதையும் அங்கே வைக்காதீர்கள். அதன் வழியே எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்க்காமல் வைத்தால் சோதனையே தீ மூட்டிவிடும்.

வயர் முக்கியம். அழைப்புமணி வயர் முடி மாதிரி. பத்து மீற்றர் போய் பத்து மீற்றர் திரும்பி வருவதற்குள் ஒன்றரை ஓமுக்கு மேல் தின்றுவிடும். வீட்டு வயரிங்கில் போடும் 1 சதுர மில்லிமீற்றர் இரட்டை வயர் வாங்கினால் அதே தூரத்துக்கு ஏறக்குறைய 0.35 ஓம்தான்.

அந்த பிரேக் மின்குமிழை எறிந்துவிடாதீர்கள் சேர். பெட்டி செய்து முடித்த பிறகும் ஒவ்வொரு முறையும் அதுதான் முதலில் போக வேண்டும். கவ்வியில் மின்குமிழை மாட்டிச் சாவியைத் திருப்புங்கள், எரியக்கூடாது. பொத்தானை அழுத்துங்கள், எரிய வேண்டும். விடுங்கள், அந்தக் கணமே அணைய வேண்டும். பிறகு சாவியைக் கழற்றிவிட்டுத்தான் மின்குமிழைக் கழற்ற வேண்டும். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். என் பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்களில் அப்படிப் பார்ப்பவன் பத்தில் ஒருவன்தான்.

பதில்: தலவாக்கலையில் பிறந்து கனடாவில் வசிக்கும் ஒரு தாய்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தவுடன் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். டொரொண்டோவுக்கு வந்து பத்தொன்பது வருடம். மகனோடு மாதிரி ரொக்கெட் கழகம் ஒன்றுக்குப் போகத் தொடங்கி ஒன்பது வருடம். குளிர் விட்டதும் மாதத்துக்கு ஒருமுறை வெட்டவெளியில் நின்று எண்ணிக்கை சொல்வதே எனக்கு வேலை.

டிக்கோயா அண்ணன் ரொக்கெட் தெரியாது என்று சொல்லிவிட்டு, இங்கே எங்கள் கழகம் பின்பற்றுவதைத்தான் வரி பிசகாமல் எழுதியிருக்கிறார். அமெரிக்கத் தேசிய ரொக்கெட்டியல் சங்கத்தின் பாதுகாப்பு விதியும் அதையே சொல்கிறது: மின்னால் மட்டுமே ஏவ வேண்டும், ஏவு பொத்தானோடு தொடரில் ஒரு பாதுகாப்புப் பூட்டு இருக்க வேண்டும், பொத்தான், விட்டதும் தானாகத் துண்டிக்க வேண்டும். சிறிய மோட்டார்களுக்கு 15 அடி, அதாவது ஏறக்குறைய 5 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். பெரியவற்றுக்கு 30 அடி. நீங்கள் பத்து மீற்றர் வயர் எடுத்தது நல்லது, குறைக்காதீர்கள்.

அந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்தது அறுபது நொடி. பொத்தானை அழுத்தியும் ரொக்கெட் கிளம்பவில்லை என்றால், சாவியைக் கழற்றிவிட்டு அறுபது நொடி யாரும் நகரக்கூடாது. அதற்குப் பிறகே கிட்டே போகலாம். சொல்லும்போது இது சின்ன விடயம். பிள்ளைகளோடு நிற்கும்போது அந்த அறுபது நொடி எவ்வளவு நீளம் என்று நீங்களே பார்ப்பீர்கள். முதல் வருடம் என் மகன் பதினைந்தாவது நொடியிலேயே அடி எடுத்து வைத்தான். கழகத்தில் இருந்த ஒரு முதியவர் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினார். திட்டவில்லை. மீதி நாற்பத்தைந்தையும் அவனோடு சேர்ந்து சத்தமாக எண்ணினார். இன்றுவரை அவன் எண்ணாமல் போனதில்லை.

சாவியை யார் வைத்திருப்பது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பொத்தானை அழுத்துபவரிடம் சாவி இருக்கக்கூடாது. ரொக்கெட்டுக்குக் கிட்டே போய்க் கவ்வி மாட்டுகிறவர் கழுத்தில் இருக்க வேண்டும். அவர் திரும்பி வந்து பெட்டியில் சாவியைப் போடும்வரை அந்தப் பெட்டி வெறும் பலகை. ஒரே ஒரு சாவி. உபரிச் சாவி செய்தால் அதைப் பூட்டி வையுங்கள்.

தீ மூட்டிகளில் இரண்டு வகை உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறிய மோட்டார்களோடு வருபவை ஓர் ஓமுக்கும் குறைந்த தடை உள்ளவை. ஏறக்குறைய 2 அம்பியர் கேட்கும். பெரிய மோட்டார்களுக்குப் பயன்படுத்தும் சிலவகைத் தீமூட்டிகள் அரை அம்பியருக்கும் குறைவாகவே பற்றிக்கொள்ளும். மெல்லிய வயர் போட்டால் முதல் வகை போதிய அளவு சூடேறாமல் போகலாம். சோதனை விளக்கில் கவனக்குறைவாக இருந்தால் இரண்டாம் வகை கையிலேயே பற்றும். டிக்கோயா அண்ணன் சொன்ன 10 மில்லி அம்பியர் இரண்டுக்கும் பாதுகாப்பானது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. வேண்டாம் தம்பி. இலண்டன் அண்ணனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ரொக்கெட் மோட்டாரைப் பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியிலும் கொண்டுவர முடியாது. பிடிபட்டால் அவருக்குப் பெரிய தொல்லை. பிடிபடாவிட்டால், முந்நூறு பேர் ஏறிய விமானத்தின் அடியில் அது கிடக்கும்.

அது கிடைக்காது என்றவுடன் யாராவது பட்டாசு மருந்தைக் கொட்டியோ தீக்குச்சித் தலைகளை நிரப்பியோ செய்து தருகிறேன் என்று வருவார்கள். பிள்ளைகளில் ஒருவனே வீட்டில் முயன்று பார்க்கலாம். இந்த விளையாட்டு பிறந்ததே அதை நிறுத்துவதற்காகத்தான். 1954 இல் நெப்ராஸ்காவின் நோர்ஃபோக் நகரில் செருப்புக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல், தன் சகோதரரின் விளக்க உரைகளுக்காக, மோட்டாரை மாற்றி மாற்றிப் போட்டு மறுபடி மறுபடி ஏவக்கூடிய சிறிய ரொக்கெட் ஒன்றைச் செய்தார். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் சிறுவர்கள் கொட்டகைகளில் மருந்து கலந்து விரலையும் கண்ணையும் இழந்துகொண்டிருந்தார்கள். வைட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை செய்த ஹரி ஸ்டைன் என்ற பொறியியலாளர் இந்தக் கொடுமையைப் பற்றி எழுதினார். அதைப் படித்த கார்லைல் தன் மாதிரிகளை அவருக்கு அனுப்பினார். மருந்தைத் தொழிற்சாலை மட்டும் தொட வேண்டும், பிள்ளை தொடக்கூடாது என்ற விதி அங்கிருந்து வந்தது. மோட்டார் கிடைக்காத ஊரில் அந்த விதிக்கு ஒரே அர்த்தம்தான்: மருந்து இல்லாத ரொக்கெட்டைத் தேடுங்கள்.

பதில்: பண்டாரவளையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு, மருந்து இல்லாத ரொக்கெட் உங்கள் ஊர்க் கடை வாசலிலேயே கிடக்கிறது. சோடா போத்தல்.

மொரட்டுவையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நவீன தொழினுட்ப நிறுவகம் பாடசாலை மாணவர்களுக்கு நீர் ரொக்கெட் போட்டிகள் நடத்தி வருகிறது. நான் கடமையில் இருந்த காலத்தில் இரண்டு முறை பிள்ளைகளைத் தயார்ப்படுத்தினேன். 1.5 லீற்றர் போத்தலில் மூன்றிலொரு பங்கு தண்ணீர், மீதியில் சைக்கிள் பம்பால் அடைத்த காற்று. வால் திறந்ததும் தண்ணீரைக் காற்று பின்னால் தள்ளும், போத்தல் முன்னால் பாயும். உங்கள் மூன்றாம் விதி பிள்ளைகளின் சட்டையை நனைத்துவிட்டு மேலே போகும். அதைவிட நல்ல பாடம் நான் கண்டதில்லை.

ஏவுப் பெட்டியை வீணாக்க வேண்டாம். போத்தலின் கழுத்தைப் பிடித்திருக்கும் கொக்கியை நாங்கள் கயிற்றால் இழுத்தோம். நீங்கள் அதை மின்னால் இழுக்கலாம். எப்படி என்று டிக்கோயாக்காரர் சொல்வார்.

தண்ணீர்தானே என்று நினைக்காதீர்கள். வாயுப் பானம் வந்த போத்தலை மட்டும் எடுங்கள்; வெறும் தண்ணீர் விற்கும் போத்தல் அழுத்தம் தாங்காது. கீறலோ வெண்மையான மடிப்போ தெரிந்தால் எறிந்துவிடுங்கள். அழுத்தமானி உள்ள பம்பு வேண்டும், 5 பார் அழுத்தம் என்ற எல்லையைத் தாண்டவேண்டாம். ரொக்கெட்டின் எந்தப் பகுதியையும் உலோகத்தால் செய்யாதீர்கள். மிக முக்கியமானது, பம்பு நிற்கும் இடத்திலேயே காற்றைத் திறந்துவிடும் வால்வு ஒன்று. கொக்கி இழுக்காமல் போனால், காற்று நிரம்பிய போத்தலுக்கு அருகே ஒருவரும் போகக்கூடாது. தூரத்திலிருந்தே காற்றை விட்டுவிட்டு, மானி பூச்சியத்துக்கு வந்த பின் போங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின்கீழ் வெடிமருந்து செய்யவும் வைத்திருக்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இடத்தைப் பற்றித்தான் எனக்கு உங்களிடம் நிறையச் சொல்ல இருக்கிறது. பெரட்டுக் களம் நல்ல இடம், ஆனால் அது மக்கள் கூடும் இடம். பெரட்டு நேரமும் கொழுந்து நிறுக்கும் நேரமும் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள், அன்று எந்த மலையில் கொழுந்து பறிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பறிப்பவர் குனிந்திருப்பார், மேலே பார்க்க மாட்டார். களத்துக்கு மேலே மின்கம்பி போகிறதா? போனால் அந்த இடம் வேண்டாம்.

பிறகு குளவி. மலையகத்தில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. குளவி கொட்டி வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர்கள் உங்கள் மாணவர்களின் வீடுகளிலேயே இருப்பார்கள். போத்தல் ஒரு வாகை மரத்தில் போய் மோதினால், அங்கே கூடு இருந்தால், சரிவில் வேலை செய்பவர்கள் தலையில் அது விழும். ஏவுவதற்கு முதல் நாள் சுற்றி நடந்து மரங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பாருங்கள். எங்கள் பாடசாலையில் இதை ஒரு மாணவர் குழுவுக்கே கடமையாகக் கொடுத்தேன். மரத்தில் மாட்டிய ரொக்கெட்டை எடுக்க யாரும் ஏறக்கூடாது. போத்தல் ஒன்று போனால் இன்னொன்று.

காலமும் உங்கள் பக்கம் வேறு, எங்கள் ஊவாப் பக்கம் வேறு. நீங்கள் சனவரி முதல் மார்ச் வரை காலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவ மழையில் உங்களுக்குக் களமே தெரியாது. எங்களுக்கு யூன், யூலையில் மழை இருக்காது, ஆனால் காற்று நிற்க விடாது. ஏப்ரலிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடி தொடங்கும். பத்து மீற்றர் வயரைத் தரையில் விரித்துக்கொண்டு அந்த நேரத்தில் நிற்காதீர்கள்.

மீண்டும் டிக்கோயாவிலிருந்து

சேர், கார் கதவைப் பூட்டித் திறக்கும் 12 வோல்ட் சென்ட்ரல் லொக் மோட்டார் ஒன்று வாங்குங்கள். பழைய சாமான் கடையில் கிடைக்கும். அதன் கம்பி இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்கு இழுக்கும், கொக்கியின் ஊசியைப் பிடுங்க அது போதும். ஒரு நொடி மின்னோட்டம் கொடுத்தால் இழுத்துவிடும். தொடர்ந்து கொடுத்தால் சூடேறிக் கருகும். ஸ்பிரிங் பொத்தான் போடச் சொன்னதற்கு இன்னொரு நியாயம் கிடைத்துவிட்டது. எல்ஈடியின் 10 மில்லி அம்பியருக்கு அந்த மோட்டார் அசையாது, பயப்பட வேண்டாம். எதற்கும் முதலில் போத்தலில் காற்று இல்லாமல் இருபது முறை இழுத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரத்துக்குப் பின்

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. அண்ணனுக்கு அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மோட்டாருக்குப் பதிலாக நல்ல அழுத்தமானி ஒன்று வாங்கி வருகிறாராம்.

பெட்டியைப் பழைய தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையில் செய்தோம். ஒரு மாணவனின் தாத்தா பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பக்கவாட்டில் தோட்டத்தின் பெயர் கறுப்பு மையில் பாதி அழிந்து இன்னும் தெரிகிறது. உள்ளே பியூஸ், சாவி ஆளி, பொத்தான், எல்ஈடி. அவ்வளவுதான். பற்றாசு வைத்த இணைப்புகள் ஆறு. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பிள்ளை வைத்தது. சாவியில் சிவப்பு நாடா கட்டி, "நீங்கள் இன்னும் அழுத்தவில்லையே?" என்று கேட்ட அந்த மாணவியின் கழுத்தில் போட்டேன். மின்குமிழை மாட்டி நாற்பது முறை சோதித்தோம். நாற்பது முறையும் அழுத்தியபோது எரிந்தது, விட்டபோது அணைந்தது. ஒவ்வொன்றையும் கரும்பலகையில் கோடு போட்டுக் குறித்தோம்.

சென்ற சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பெரட்டுக் களத்தில் ஏவினோம். முதல் நாளே மரங்களைப் பார்த்தோம். கிழக்கு மூலையில் நின்ற ஒரு மரத்தில் கூடு இருந்தது, ஆகவே ஏவு மேடையை மேற்குப் பக்கம் நகர்த்தினோம். அன்று பறிப்பு கீழ்மலையில் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். நீர்த்தேக்கத்தின் மேல் மூடுபனி இன்னும் கலையவில்லை. 4 பார் வரை அடித்தோம். சாவி வந்தது, எல்ஈடி எரிந்தது, ஐந்திலிருந்து எண்ணினோம், பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பொத்தானை விட்ட பிறகும் எல்ஈடி எரியவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேர் காலை முன்னே வைத்தார்கள். அதற்குள் அந்த மாணவி சாவியைப் பிடுங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டு "ஒன்று, இரண்டு" என்று எண்ணத் தொடங்கிவிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கனடாவிலிருந்து எழுதிய அக்கா சொன்னது முழு உண்மை, அறுபது நொடி மிக நீளம். முப்பதைத் தாண்டியபோது சத்தம் லயன் வீடுகள் பக்கம் கேட்டு ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அறுபது ஆனதும் பம்பின் அருகே வால்வைத் திறந்தேன். மானி பூச்சியத்துக்கு இறங்கியதும் நானும் அவளும் மட்டும் மேடைக்குப் போனோம்.

ஒரு கவ்வியின் உறைக்குள் வயர் அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் தெரியவில்லை. உறையை நகர்த்தியபோதுதான் செம்பு இழைகள் பச்சை பிடித்து, இரண்டு இழை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. 10 மில்லி அம்பியருக்கு அந்த இரண்டு இழை போதுமாக இருந்திருக்கிறது. கொக்கியை இழுக்கும் மோட்டார் அதிகம் கேட்டபோது அவை கருகி அறுந்துவிட்டன. எல்ஈடி எரிந்தால் பாதை இருக்கிறது என்று தெரியும், அந்தப் பாதை எவ்வளவு தாங்கும் என்று தெரியாது என்பதைப் பிள்ளைகள் தாங்களே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அன்று காலை பிரேக் மின்குமிழ்ச் சோதனையை நான் அவசரத்தில் விட்டுவிட்டேன். நாற்பது முறை பார்த்தாயிற்றே என்ற நினைப்பு. இனி விடமாட்டேன்.

வயரை வெட்டிப் புதிதாகச் சீவி முறுக்கி, மின்குமிழை மாட்டிச் சோதித்து, மறுபடியும் 4 பார் அடித்தோம். இந்த முறை பொத்தானை அழுத்தியது அவள். சாவி அப்போது, மேடைக்குப் போய் வந்த என் கழுத்திலிருந்து பெட்டிக்கு வந்திருந்தது. போத்தல் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் கூரைக்கு மேலே வெகு உயரத்துக்குப் போய், ஒரு கணம் வெயிலில் மின்னி, களத்தின் ஓரத்தில் விழுந்தது. மேடையைச் சுற்றி நின்ற ஈரம் எல்லோருடைய கால்சட்டையிலும் இருந்தது. அன்று ஒன்பது முறை ஏவினோம். ஒவ்வொரு முறையும் மின்குமிழ் முதலில் போனது.

டிக்கோயா ஐயாவிடம் ஒரு கேள்வி. நான் வாங்கிய கவ்விகள் தகரத்தில் முலாம் பூசியவை, இந்த ஈரத்தில் ஒரு மாதம்கூட நிற்காது போலிருக்கிறது. செம்புக் கவ்வி ஹட்டனில் எங்கே கிடைக்கும்?

டிக்கோயாவிலிருந்து

கடையில் தேடாதீர்கள் சேர். பற்றரி சார்ஜருக்கு வந்த சிறிய செம்புக் கவ்விகள் என்னிடம் நான்கு சோடி இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் அந்தப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள். கவ்விக்குள் வயரை எப்படி மடித்துப் பிடிப்பது என்று அவளுக்குக் காட்டித் தருகிறேன்.